நோயாளிகளின் குரலாக வாழ்ந்த நைட்டிங்கேல் அம்மையார்

கையில் விளக்குடன் இரவு நேரத்தில் நோயாளிகளைப் பார்வையிட்ட பெண்மணியாகவே ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை உலகம் அறியும். ஆனால் போர்க்கால மருத்துவமனையில் அவர் விளக்கேந்தி நடந்த காலம் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவே. அதன் பின்னர் பல பத்தாண்டுகள், தமக்காகப் பேச இயலாத நோயாளிகளுக்காக ஆட்சியாளரிடம் வாதாடுவதையே அவர் தமது பணியாகக் கொண்டார்.

1820 மே 12 அன்று இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலேயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பிறந்த நகரின் பெயரே அவருக்கும் சூட்டப்பட்டது. தந்தையே ஆசானாகி கிரேக்கம், லத்தீன், தத்துவம் முதலியவற்றைக் கற்பித்தார். கணிதத்தில் அம்மையாருக்குத் தனி ஈடுபாடு இருந்தது. 1837இல், தமது 16ஆம் வயதில், இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைப்பதாக உணர்ந்தார். செவிலியர் பணி இழிவாகக் கருதப்பட்ட காலம் அது. குடும்பத்தினர் கடுமையாக எதிர்த்தனர். அவரோ திருமணத்தை மறுத்து, 1851இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நகரில் மூன்று மாதங்கள் பயிற்சி பெற்றார்.

1853இல் லண்டனில் நோயுற்ற பெண்களுக்கான சிறு மருத்துவ இல்லம் ஒன்றின் பொறுப்பு அவரிடம் வந்தது. இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர்களை மட்டுமே சேர்க்க நிர்வாகக் குழு விரும்பியது. எச்சமயத்தவரையும் ஏற்க வேண்டும், அவரவர் சமயகுரு வந்து காணவும் இடமளிக்க வேண்டும், இல்லையேல் விலகிவிடுவேன் என்று அம்மையார் உறுதியாக நின்றார். குழு இணங்கியது. நோயாளிக்காக அதிகாரத்தை எதிர்த்து நிற்கும் துணிவு அப்போதே அவரிடம் வெளிப்பட்டது.

கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில், 38 செவிலியருடன் துருக்கியின் ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனையை அடைந்தார். கட்டிடத்தின் அடியில் கழிவுநீர் தேங்கி நாறியது. படுக்கைகளும் துணிகளும் போதவில்லை. மருத்துவர்களோ முதலில் செவிலியரை அனுமதிக்கவே தயங்கினர். அம்மையார் பொறுமையுடன் காத்திருந்தார். பொதுமக்கள் திரட்டிய நிதியைக் கொண்டு தேவையான பொருள்களை வாங்கினார். குறைகளை விவரித்து அமைச்சருக்கு இடைவிடாது கடிதங்கள் எழுதினார்.

ஆயினும் அந்தக் குளிர்காலத்தில் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் அங்கு இறப்பு விகிதம் 42 சதவீதத்தை எட்டியது. மார்ச் மாதம் வந்த சுகாதாரக் குழுவினர் கழிவுநீர்க் கால்வாய்களைத் தூய்மைப்படுத்தி, காற்றோட்டத்திற்கு வழி செய்தனர். ஜூன் மாதத்திற்குள் அவ்விகிதம் ஏறத்தாழ 2 சதவீதமாகக் குறைந்தது.

1856இல் தாயகம் திரும்பியவரைப் புகழ் சூழ்ந்தது. அவர் அதில் மயங்கவில்லை. புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபாரின் துணையுடன் போர்க்காலக் கணக்குகளை ஆராய்ந்தார். போர்க்காயங்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களே மிகுதியான வீரர்களின் உயிரைப் பறித்தன என்பது தெளிவாயிற்று. தாம் பொறுப்பேற்றிருந்த மருத்துவமனையும் அதற்கு விலக்கல்ல. கசப்பான அந்த உண்மையை அவர் மறைக்கவில்லை. வண்ண வரைபடங்களாகத் தீட்டி ஆட்சியாளர் முன் வைத்தார். அனுதாபம் நாளடைவில் மங்கிவிடும், எண்களைப் புறக்கணிப்பது எளிதன்று என்பதை அவர் அறிந்திருந்தார்.

போர்க்களத்தில் பற்றிய காய்ச்சலின் பின்விளைவால் அவரது உடல்நலம் சீர்குலைந்தது. 1857க்குப் பின் நெடுங்காலம் படுக்கையிலிருந்தபடியே பணியாற்றினார். 1860இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தோன்ற வழிவகுத்தார். ஏழைகள் அடைக்கப்பட்டிருந்த அரசு விடுதிகளில் நோயுற்றோரை வறியோர் என்று ஒதுக்காமல், நோயாளிகளாகவே கருதி மருத்துவம் அளிக்க வேண்டும் என்று போராடினார். அவரது பள்ளியில் பயின்ற ஆக்னஸ் ஜோன்ஸ் 1865இல் லிவர்பூல் விடுதியில் அப்பணியைத் தொடங்கி, 1868இல் அங்கேயே நோய் தொற்றி உயிர்நீத்தார்.

இந்தியாவை அம்மையார் ஒருபோதும் நேரில் கண்டதில்லை. எனினும் இங்கிருந்த இராணுவ முகாம்களுக்கு வினாப்பட்டியல்கள் அனுப்பி விவரங்களைத் திரட்டினார். ஆண்டுதோறும் ஆயிரம் ஆங்கிலேய வீரர்களில் 69 பேர் மாண்டதை 1863ஆம் ஆண்டு ஆணைய அறிக்கை வெளிப்படுத்தியது. சுகாதாரச் சீர்திருத்தங்களால் 1873க்குள் இது 18ஆகக் குறைந்தது. அத்துடன் அவர் நிறைவடையவில்லை. மக்கள் நலமின்றி வீரர் நலமில்லை என்று உணர்ந்து, கிராம சுகாதாரம், நீர்ப்பாசனம், கடனில் மூழ்கிய உழவரின் துயரம் ஆகியவை பற்றித் தொடர்ந்து எழுதினார். 1876-78ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்தையும் தக்காணத்தையும் வாட்டிய பெரும்பஞ்சம் அவர் உள்ளத்தை உலுக்கியது. பஞ்சத்தில் வாடிய மக்களுக்காக ஆங்கிலேய வாசகர்களின் மனசாட்சியை நோக்கி எழுதினார்.

1910 ஆகஸ்ட் 13 அன்று, 90ஆம் வயதில் அவர் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்தபோது, எளிமையையே நாடிய அவரது விருப்பத்தை மதித்து உறவினர் அதனை ஏற்கவில்லை. சிற்றூர்க் கல்லறையில் அவரது பெயரின் முதலெழுத்துகளும் பிறந்த, மறைந்த நாள்களும் மட்டுமே பொறிக்கப்பட்டன. அவர் பிறந்த மே 12 உலகச் செவிலியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. சிறந்த செவிலியருக்கு இந்திய அரசு 1973 முதல் அவர் பெயரால் விருது வழங்கி வருகிறது. நோயாளியின் நெற்றியைத் துடைக்கும் கரம், அந்த நோய்க்குக் காரணமான அலட்சியத்தையும் சுட்டிக்காட்ட வேண்டும். தொண்டு அப்போதுதான் முழுமை பெறும் என்பதே அவரது வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடம்.