அக்காள் பெயருக்கு வந்த உத்தரவு

ஜெர்மனி பிடித்திருந்த ஹாலந்து நாடு. 1942 ஜூன் 12-ந் தேதி ஆம்ஸ்டர்டாம் நகரில் ஆன் பிராங்க் என்ற யூதச் சிறுமிக்கு 13 வயது பூர்த்தியானது. பரிசாக ஒரு டைரி கிடைத்தது. ஆன் வாயாடி. 16 வயது அக்காள் மார்கோட் அடக்கமானவள், படிப்பில் புலி.

பள்ளி விடுமுறை. ஜூலை 5-ந் தேதி மார்கோட் பெயருக்கு ஓர் உத்தரவு வந்தது. ஜெர்மனிக்குப் போய் முகாமில் வேலை செய்ய வேண்டுமாம்! வயதுப் பெண்ணைத் தனியே அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்?

மறுநாள் காலை மழை. மார்கோட் முதலில் சைக்கிளில் போனாள். பெட்டி தூக்கினால் சந்தேகம் வருமே! ஆகவே ஆன் உடுப்பின் மேல் உடுப்பாக அணிந்துகொண்டு பெற்றோருடன் நடந்தாள். செல்லப் பூனையையும் விட்டுப் பிரிந்தாள். தந்தையின் கம்பெனிக் கட்டிடத்தின் பின்பகுதியில் குடும்பமே ஒளிந்தது. பகலில் இருமவும் பயம்.

1944 ஆகஸ்டு 4-ந் தேதி பிடிபட்டார்கள். 1945 தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் முதலில் அக்காள் இறந்தாள், பிறகு தங்கை. தந்தை ஓட்டோ மட்டுமே திரும்பினார். 1947-ல் மகளின் டைரியைப் புத்தகமாக வெளியிட்டார்.