நெறிகட்டியை ஆராய்ந்த ஹாட்ஜ்கின்

காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் சிறு கட்டி திரளும். நெறி கட்டியிருக்கிறது என்பார் பாட்டி. தொண்டைப் புண் வந்தால் கழுத்திலும் அப்படி வீங்கும். கிருமிகளை மறித்துப் பிடிக்கும் நிணநீர்க் கணுக்கள்தான் அவை. விருதுநகர், சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகள் சரவெடி பின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல இந்தக் கணுக்களும் உடம்பு முழுவதும் மெல்லிய குழாய்களில் நூற்றுக்கணக்கில் கோத்திருக்கின்றன.

புண் ஆறினால் வீக்கம் வற்றிவிடும். ஆனால் புண் எதுவும் இல்லாமலே கணுக்கள் வீங்கி, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பரவும் நோய் ஒன்று உண்டு. நிணநீர்ப் புற்றுநோய் என்று அதற்குப் பெயர். அதன் ஒரு வகையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் தாமஸ் ஹாட்ஜ்கின்.

இவர் 1798-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் படித்து, 1823-ல் பட்டம் பெற்றார். பாரிஸ் சென்று, ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த லென்னக்கிடம் அதைப் பயன்படுத்தக் கற்றுவந்தார். பிறகு லண்டன் கைஸ் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. இறந்தவர்களின் உடலைப் பரிசோதித்து, நோய் உள்ளே என்ன செய்தது என்று அறிவது அவர் பணி.

சிலருடைய உடலில் கணுக்களும் மண்ணீரலும் ஒரே விதமாக வீங்கியிருந்தன. இது தனி நோய் என்று அவருக்குப் பட்டது. 1832-ல் ஏழு நோயாளிகளைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அப்போது அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

இன்னொரு சோதனையும் வந்தது. கனடாவில் தோல் வியாபாரம் செய்த ஹட்சன் பே கம்பெனி, அங்கிருந்த பூர்வகுடி மக்களை நடத்திய விதத்தை ஹாட்ஜ்கின் கண்டித்தார். மருத்துவமனையின் பொருளாளரோ அந்தக் கம்பெனியின் நிர்வாகத்திலும் இருந்தவர்! 1837-ல் ஹாட்ஜ்கினுக்கு வரவேண்டிய மருத்துவர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. அவர் வேலையை விட்டு விலகினார். ஆனாலும் பூர்வகுடி மக்களுக்காகப் பேசுவதை மட்டும் விடவில்லை. அதே ஆண்டு நண்பர்களோடு அவர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார்.

1865-ல் சாமுவேல் வில்க்ஸ் என்ற மருத்துவர், இந்த நோய்க்கு ஹாட்ஜ்கினின் பெயரையே சூட்டினார். மறு ஆண்டு ஜாஃபா நகருக்குப் பயணம் போன இடத்தில் ஹாட்ஜ்கின் நோயுற்று இறந்தார்.

ஹாட்ஜ்கினால் நோயாளி இறந்த பிறகுதான் உள்ளே பார்க்க முடிந்தது. இன்று அப்படி இல்லை. பட்டாசு ஆலையில் தீப்பிடித்தால், எத்தனை அறைகளுக்குப் பரவியது என்றுதானே தீயணைப்பு வீரர்கள் முதலில் கேட்பார்கள்? மருத்துவரும் நோய் எதுவரை பரவியது என்று பார்க்கிறார். ஓரிடத்தில் மட்டும் இருந்தால் முதல் நிலை. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைக்கு ஒரே பக்கத்தில் பல இடங்களில் இருந்தால் இரண்டாம் நிலை. இருபக்கமும் இருந்தால் மூன்றாம் நிலை. கல்லீரல், எலும்பு மஜ்ஜை என்று பரவியிருந்தால் நான்காம் நிலை. எவ்வளவு மருந்து தரவேண்டும் என்பதை இதை வைத்தே முடிவு செய்கிறார்கள்.

இதை அறிய ஒரு காலத்தில் வயிற்றைக் கிழித்துப் பார்த்தார்கள். இப்போது பெரும்பாலும் பெட்-சிடி ஸ்கேன் எடுக்கிறார்கள். அதில் சிறிது கதிர்வீச்சு உண்டு. முழு உடல் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அது இல்லை. பெரிய காந்தமும் ரேடியோ அலைகளும் உடம்பிலுள்ள நீரைக் கொண்டு படம் எடுக்கின்றன. செல்கள் நெருக்கியடித்து வளர்ந்த இடத்தில் நீர் தாராளமாக நகர முடியாது. அந்த இடம் படத்தில் தனியாகத் தெரியும். டக் டக் என்று பலத்த சத்தம் கேட்கும், ஆனால் வலிக்காது. ஆடாமல் படுத்திருந்தால் போதும். வளரும் குழந்தைகளுக்கு இது நல்லது என்பதால் சில மருத்துவமனைகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஹாட்ஜ்கின் கண்ட நோயாளிகளைக் காப்பாற்ற அன்று மருந்து இல்லை. இன்று காலத்தோடு சிகிச்சை பெறும் குழந்தைகளில் பெரும்பாலோர் குணமாகிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் இதற்குச் சிகிச்சை உண்டு.

கழுத்தில் கட்டி வந்தவுடன் பயந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது சாதாரண நெறிகட்டிதான். இரண்டு மூன்று வாரம் ஆகியும் வற்றாவிட்டால் அம்மா, அப்பாவிடம் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மறைத்து வைக்க வேண்டாம். கண்ணால் கண்டதை மறைக்காமல் சொன்னவர்தானே ஹாட்ஜ்கின்!