சித்தூர்ப் பாசறையில் முடிந்த வாழ்வு: ஹைதர் அலியும் இரும்புக்குழல் வாணங்களும்

சித்தூர்: மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலி, 1782-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் தேதி சித்தூருக்கு அருகிலுள்ள நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் காலமானார். முதுகில் தோன்றிய ராஜபிளவை அவரது உயிரைப் பறித்தது. அப்போது கிழக்கிந்தியக் கம்பெனியுடனான போர் முடிவுறவில்லை. மூத்த மகன் திப்பு தொலைவில் மலபார்க் கரையில் படை நடத்திக்கொண்டிருந்தார். இறப்புச் செய்தி பரவினால் படை கலைந்துவிடும் என அஞ்சிய அமைச்சர்கள் பூர்ணய்யாவும் கிருஷ்ணராவும் அதை மறைத்தனர். உடல் ஒரு பெட்டியில் வைக்கப்பட்டு, கருவூலப் பொருள் செல்வது போன்ற தோற்றத்துடன் கோலாருக்கு அனுப்பப்பட்டது. ஜனவரித் தொடக்கத்தில் திப்பு வந்து சேரும் வரை படை சிதறாமல் நின்றது.

இன்று ஏவுகணை வரலாற்றைப் பேசுவோர் திப்புவின் பெயரையே முதலில் சொல்கின்றனர். ஆனால் வாணப்படையை வளர்த்து, ஆங்கிலேயருக்கு எதிரான பெரும் போர்களில் களமிறக்கியவர் அவருடைய தந்தை ஹைதர் அலி என்பது குறிப்பிடத்தக்கது.

ஹைதரின் குடும்பத்துக்கு வாணம் புதிதன்று. அவருடைய தந்தை ஃபத் முகம்மது, ஆற்காட்டு நவாபின் பணியில் ஐம்பது வாண வீரர்களுக்குத் தலைமை வகித்தவர். கோலார்ப் பகுதியின் பூதிக்கோட்டையில் ஹைதர் பிறந்தார். பிறந்த ஆண்டு குறித்து வரலாற்றாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 1720-ஐ ஒட்டியது எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. சிறு வயதிலேயே தந்தையைப் போரில் இழந்த அவர், எழுதப் படிக்கக் கற்கவில்லை. எனினும் நினைவாற்றலில் அவரை விஞ்சியவர் அரிது என்று அவரை அறிந்தோர் பதிவுசெய்துள்ளனர்.

மைசூர்ப் படையில் சேர்ந்த ஹைதர், 1749-ஆம் ஆண்டின் தேவனஹள்ளி முற்றுகையில் கவனம் பெற்றார். 1755-ஐ ஒட்டித் திண்டுக்கல்லின் ஃபௌஜ்தாராக நியமிக்கப்பட்டபோது, பிரெஞ்சு வல்லுநர்களின் துணையுடன் அங்கு படைக்கலச் சாலையை அமைத்தார். 1761-இல் மைசூரின் அதிகாரம் முழுவதும் அவர் கைக்கு வந்தது. உடையார் மன்னர் அரியணையில் பெயரளவில் நீடித்தார்.

இந்தியாவிலும் சீனாவிலும் வாணங்கள் முன்பே வழக்கில் இருந்தன. அவற்றின் குழல் பெரும்பாலும் காகிதத்தாலோ மூங்கிலாலோ ஆனது. மைசூர்க் கொல்லர்கள் அடித்து உருவாக்கிய இரும்புக் குழல், உள்ளே எரியும் கருமருந்தின் அழுத்தத்தை வெடிக்காமல் தாங்கியது. அழுத்தம் கூடியதால் உந்துவிசையும் கூடியது. ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ள அந்தக் குழல், நான்கு அடி அளவிலான மூங்கில் தண்டுடன் தோல்வாரால் பிணைக்கப்பட்டது. பறக்கும் குழல் தடுமாறாமல் இருக்கத் தண்டு உதவியது. அது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரும் அதற்கு மேலும் சென்று விழுந்தது. அந்நாளில் ஐரோப்பியப் படைகளிடம் இதற்கு நிகரான வாணம் இல்லை.

இந்தப் படைக்கலம் எத்தகையது என்பதை இன்றைய சொற்களில் விளக்குவது பயனுடையது. பாலிஸ்டிக் ஏவுகணை, வீசியெறியப்பட்ட கல்லைப் போன்றது. தொடக்கத்தில் சிறிது நேரமே அதன் எரிபொருள் எரிகிறது. அதன்பின் பெற்ற வேகத்தாலும் புவியீர்ப்பாலும் அது வளைபாதையில் உயர்ந்து இறங்குகிறது. குரூஸ் ஏவுகணையோ ஆளில்லா விமானத்தை ஒத்தது. காற்றை உறிஞ்சும் பொறி வழி நெடுகிலும் இயங்க, காற்றின் தாங்குதலுடன் தாழ்வாகப் பறந்து, இலக்கு வரை திசை திருப்பிக்கொண்டே செல்வது அது. 2001-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி ஒடிசாவின் சண்டிப்பூரில் முதன்முறையாகச் சோதிக்கப்பட்ட பிரம்மோஸ் இந்த வகையைச் சேர்ந்தது.

ஹைதரின் வாணம் பாலிஸ்டிக் வகையின் முன்னோடி. ஆயினும் அதில் வழிகாட்டும் கருவி ஏதுமில்லை. வாண வீரர் குழலின் பருமனையும் இலக்கின் தொலைவையும் கணித்துச் சாய்வுக் கோணத்தை முடிவுசெய்தார். திரி பற்றிய பிறகு அதைத் திருத்த எவராலும் இயலாது. ஆகவே ஒற்றை வாணத்தால் பயன் குறைவு. பல வாணங்களை ஒருசேர ஏவிக் குதிரைகளை மிரளச் செய்வதும், அணிவகுப்பைக் குலைப்பதும், வெடிமருந்தைத் தீப்பற்றச் செய்வதுமே அவற்றின் பணியாக இருந்தன. இதை உணர்ந்து பயிற்சி பெற்ற தனிப் பிரிவுகளை ஹைதர் பேணினார். அவரது படையில் சுமார் 1,200 வாண வீரர்கள் இருந்ததாகக் கூறப்படுகிறது.

முதல் போரில், 1769-இல், சென்னையின் வாயில் வரை வந்து ஆங்கிலேயரை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தார் ஹைதர். ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. மராட்டியர் மைசூரைத் தாக்கியபோது கம்பெனி உதவவில்லை. இந்த மனக்கசப்பு 1780-இல் மீண்டும் போராக வெடித்தது.

அவ்வாண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள புள்ளலூரில், கர்னல் பெய்லியின் தலைமையில் வந்த படையை ஹைதரும் திப்புவும் சூழ்ந்து அழித்தனர். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பகைவரை வென்றதாகச் செப்பேடு கூறும் ஊரும் இதுவே. ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியது போரின் முடிவை உறுதிசெய்தது. அதற்கு வாணங்களே காரணம் என்று சிலரும், பீரங்கிக் குண்டுகளே என்று வேறு சிலரும் எழுதியுள்ளனர். பெய்லி சிறைப்பட்டார். சில மைல் தொலைவில் இருந்த தளபதி மன்ரோ, தம் கனரகப் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

வெற்றிக்கு மற்றொரு பக்கமும் உண்டு. எதிரிக்கு உணவு கிடைக்காமல் செய்ய, ஹைதரின் குதிரைப்படை கர்நாடகச் சீமையின் ஊர்களை எரித்தது. ஆற்காட்டுச் சுற்றுவட்டாரத்து உழவர்கள் பட்ட துயரமும், அதைத் தொடர்ந்து சென்னையில் நேர்ந்த பஞ்சமும், வாணங்களின் பெருமையைப் பேசும் கட்டுரைகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

வாணங்களால் போரை வென்றுவிடவும் இயலவில்லை. 1781-இல் பரங்கிப்பேட்டையிலும் சோளிங்கரிலும் தளபதி அயர் கூட்டிடம் ஹைதர் தோல்வியுற்றார். அடுத்த ஆண்டு நோய் முற்றியது.

திப்புவின் காலத்தில் வாணப்படை மேலும் பெருகியது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தபின் இங்கிலாந்து சென்ற வாணங்களை முன்மாதிரியாகக் கொண்டு வில்லியம் காங்கிரீவ் தம் ராக்கெட்டுகளை உருவாக்கினார். 1807-இல் கோபன்ஹேகன் நகரம் அவற்றால் எரிந்தது. 2018-இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம் நகராவில், பாழடைந்த கிணறு ஒன்றிலிருந்து சுமார் ஆயிரம் இரும்பு வாணங்கள் வெளியே எடுக்கப்பட்டன.

வாணத்துக்கு வழிகாட்டும் கருவியைப் பொருத்தும் பணியில் இந்தியா ஈடுபட்டது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். 1983-இல் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தலைமையில் ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் தொடங்கியது. அதன் முதல் பாலிஸ்டிக் ஏவுகணையான பிருத்வி, 1988-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சோதித்துப் பார்க்கப்பட்டது. அன்று நெல்லூர் மாவட்டத்தில் இருந்த ஸ்ரீஹரிகோட்டா, 2022-இல் சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து உருவாக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தில் இப்போது அடங்கியுள்ளது.

கோலாரில் அடக்கம் செய்யப்பட்ட ஹைதரின் உடல் பின்னர் ஸ்ரீரங்கப்பட்டினத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, திப்பு எழுப்பிய கும்பஸ் மண்டபத்தில் வைக்கப்பட்டது. 1799 மே மாதத்தில் போரில் இறந்த திப்புவும் அங்கேயே தந்தையின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.