கொல்லர் மகன் மைக்கேல் பாரடே

எளிய குடியிற் பிறந்து, பள்ளிக் கல்வியையும் நிறைவாகப் பெறாது, தம் முயற்சி ஒன்றையே துணையாகக் கொண்டு உலகம் போற்றும் அறிஞராக உயர்ந்தோர் மிகச் சிலர். அச்சிலருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் மைக்கேல் பாரடே. மின்னோடிக்கும் மின்னாக்கிக்கும் அடிப்படையான உண்மைகளை அவர் 1821, 1831 ஆம் ஆண்டுகளிற் கண்டறிந்ததை நம் மாணவர்கள் பாடநூலிற் படித்திருப்பர். நிலைமின்சாரம் பற்றி அவர் ஆற்றிய பணியோ அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை. அப்பணியை அவர்தம் வாழ்வோடு இணைத்து ஈண்டுக் கூற விழைகின்றோம்.

பாரடே 1791 ஆம் ஆண்டு செப்டம்பர் 22 ஆம் நாள் இலண்டனை அடுத்த நியூவிங்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் இரும்படிக்கும் கொல்லர். அடிக்கடி நோய்வாய்ப்பட்டுத் தொழிலுக்குச் செல்ல இயலாதவர். 1801 இல் உணவுப் பொருள்களின் விலை ஏறியபோது, சிறுவன் மைக்கேலுக்கு வாரம் முழுமைக்கும் ஒரே ஒரு ரொட்டி கிடைத்தது. எழுதவும் படிக்கவும் சிறிது கணக்கிடவும் கற்றதோடு அவருடைய பள்ளி வாழ்வு முடிந்தது.

1804 இல், தம் பதின்மூன்றாம் வயதில், ரீபோ என்பவருடைய புத்தகக் கடையில் செய்தித்தாள் கொண்டு கொடுக்கும் பையனாகச் சேர்ந்தார். மறு ஆண்டு முதல் ஏழாண்டுகள் அங்கேயே புத்தகம் கட்டும் தொழில் பயின்றார். கட்டுவதற்கு வந்த நூல்களைக் கட்டியதோடு அமையாது, அவற்றைப் படிக்கவும் செய்தார். அவ்வாறு வந்த பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத் தொகுதி ஒன்றில் மின்சாரம் பற்றிய கட்டுரை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. படித்ததை அப்படியே நம்பிவிடாமல், கையிலிருந்த சில காசுகளைக் கொண்டு பொருள்கள் வாங்கி, உராய்வினால் மின்சாரம் உண்டாக்கும் சிறு பொறி ஒன்றைத் தாமே செய்து சோதித்துப் பார்த்தார்.

உராய்வு மின்சாரம் என்பது யாது? கண்ணாடிக் கோலைப் பட்டுத் துணியால் தேய்த்தால் கோல் நேர்மின்னூட்டமும் துணி எதிர்மின்னூட்டமும் பெறுகின்றன. தேய்த்தல் மின்சாரத்தைப் புதிதாகப் படைப்பதில்லை. எல்லாப் பொருள்களிலும் இருவகை மின்னூட்டங்களும் சமமாக அடங்கியுள்ளன. கோலிலிருந்து எலெக்ட்ரான்கள் சில துணிக்குச் செல்லுகின்றன. இழந்தது நேராகவும், பெற்றது எதிராகவும் ஆகின்றது. உலர்ந்த தலைமயிரிற் சீவிய சீப்பு காகிதத் துணுக்குகளை இழுப்பதும் இதனாலேயே. எலெக்ட்ரான் கண்டறியப்பட்டது 1897 இல். அதை அறியாத காலத்திலேயே பாரடே இத்துறையில் உழைத்தார்.

1812 இல் கடைக்கு வந்த அன்பர் ஒருவர், இராயல் இன்ஸ்டிடியூஷனில் சர் ஹம்ஃப்ரி டேவி ஆற்றிய சொற்பொழிவுகளுக்கு நுழைவுச் சீட்டு அளித்தார். பாரடே அவற்றைக் கேட்டு எழுதிய குறிப்புகளைத் தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். அதன் பயனாக 1813 மார்ச்சில் அங்கே ஆய்வக உதவியாளராக அமர்த்தப்பட்டார்.

அவ்வாண்டே டேவி தம் துணைவியாருடன் ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டார். அவருடைய பணியாள் உடன்வர மறுக்கவே, அவ்வேலையும் பாரடேயின் தலையில் விழுந்தது. டேவியின் துணைவியார் அவரை வண்டியின் வெளிப்புறத்தில் அமர்த்தினார். உணவையும் வேலைக்காரர்களோடு உண்ணச் செய்தார். பந்தி வேற்றுமை எத்தகைய புண்ணை உண்டாக்கும் என்பதை இம்மலரைப் படிப்போர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றும் பாரடே எண்ணியதுண்டு. எனினும், அப்பயணத்திற் காணக்கூடிய அறிஞர்களையும் கற்கக்கூடிய கலைகளையும் எண்ணிப் பொறுத்துக்கொண்டார். 1815 இல் பெரும் அறிவுச் செல்வத்தோடு திரும்பினார். 1824 இல் இராயல் கழகத்தின் உறுப்பினராக அவர் தேர்ந்தெடுக்கப்படுவதை, அதன் தலைவராயிருந்த டேவியே எதிர்த்தார். ஆயினும் தேர்தலில் வெற்றி பெற்றார் பாரடே.

அக்காலத்தில் மின்சாரத்தையும் அது பிறந்த இடத்தைக் கொண்டே வகைப்படுத்தி வந்தனர். உராய்விற் பிறந்தது ஒன்று, மின்கலத்திற் பிறந்தது ஒன்று, காந்தத்திற் பிறந்தது ஒன்று, வெப்பத்திற் பிறந்தது ஒன்று, மீனின் உடலிற் பிறந்தது ஒன்று எனப் பெயரிட்டனர். இவை யாவும் ஒன்றுதானா என அறிஞர் பலர் ஐயுற்றனர். 1832 இல் பாரடே இவ்வினாவை எடுத்துக்கொண்டார். மின்கலத்தின் மின்சாரம் காந்த ஊசியைத் திருப்பும். உப்புக் கரைசலைப் பிரிக்கும். உராய்வு மின்சாரமும் இவற்றைச் செய்யுமா? உராய்வுப் பொறியால் ஊட்டிய மின்சாரத்தை ஈர நூல் வழியே மெல்லச் செலுத்தினார், ஊசி திரும்பியது. உப்புக் கரைசலில் நனைத்த மஞ்சள் தாளிற் செலுத்தினார்; காரம் வெளிப்பட்டுத் தாள் சிவந்தது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து ஆரத்தி நீர் சிவப்பதைக் கண்ட நமக்கு இது எளிதில் விளங்கும்.

இவ்வாறு ஒவ்வொன்றாகச் சோதித்து, எவ்விடத்திற் பிறப்பினும் மின்சாரம் ஒன்றே என 1833 இல் அறிவித்தார். உராய்வு மின்சாரம் அளவிற் சிறிது, அழுத்தத்தில் மிகுதி. மின்கலத்தினது அளவிற் பெரிது, அழுத்தத்திற் குறைவு. வேறுபாடு அளவிலும் அழுத்தத்திலும் உள்ளதேயன்றி இயல்பில் இல்லை.

1836 இல் பன்னிரண்டு அடிச் சதுரமான அறை ஒன்றை மரச்சட்டத்தால் அமைத்து, செம்புக் கம்பியாலும் வெள்ளீயத் தகட்டாலும் போர்த்தி, மின்னூட்டினார். அதன் புறத்தே தீப்பொறிகள் பறக்க, அவர் உள்ளே சென்று நுண்ணிய கருவிகளால் ஆராய்ந்தார். மின்னூட்டத்தின் சுவடும் காணப்படவில்லை. மின்னூட்டம் கடத்தியின் வெளிப்புறத்திலேயே தங்குகிறது என்பது இதனால் உறுதியாயிற்று. மின்னல் வெட்டும்போது, கதவடைத்த உலோகக் கூடுடைய வண்டியினுள் இருப்போர் பெரிதும் காக்கப்படுவதும் இதனாலேயே.

1843 இல் பனிக்கட்டி வாளி ஒன்றைக் கொண்டு மற்றோர் உண்மையை விளக்கினார். காப்பிட்ட உலோக வாளியின் வெளிப்புறத்தைப் பொன்னிலை மின்காட்டியுடன் இணைத்தார். மின்னூட்டிய பித்தளை உருண்டையைப் பட்டு நூலிற் கட்டி வாளியைத் தொடாமல் உள்ளே இறக்கியதும் பொன்னிலைகள் விரிந்தன. வெளியே எடுத்ததும் குவிந்தன. மீண்டும் இறக்கி வாளியின் அடியைத் தொடச் செய்தார். விரிந்த இலைகள் சிறிதும் அசையவில்லை. வெளியே எடுத்த உருண்டையிலோ மின்னூட்டம் எதுவும் எஞ்சவில்லை. நேர்மின்னூட்டம் உள்ளே சென்றால், அதற்குச் சரிசமமான எதிர்மின்னூட்டம் வாளியின் உட்புறத்திலும், அதே அளவு நேர்மின்னூட்டம் வெளிப்புறத்திலும் தூண்டப்படுகின்றன என்பது இதன் பொருள். உள்ளதே பிரிகிறது, கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

உயர்கணிதம் பயிலாத இவ்வறிஞரின் கருத்துகளைப் பின்னர் மாக்ஸ்வெல் கணித வடிவிற் தந்தார். பாரடே 1827 முதல் 1860 வரை பத்தொன்பது முறை கிறிஸ்துமஸ் காலங்களிற் சிறுவர்க்கென அறிவியற் சொற்பொழிவுத் தொடர்கள் நிகழ்த்தினார். முன்னர்த் தம்மைச் சேர்க்கத் தயங்கிய இராயல் கழகம் தலைமைப் பதவியை அளிக்க முன்வந்தபோது அதனை ஏற்கவில்லை. 1867 ஆகஸ்டு 25 இல் இயற்கை எய்தினார். மின்தேக்குதிறனின் அலகுக்கு அவர் பெயராலேயே பாரடு என்று பெயர்.

இளைஞர்களே! பாரடேக்குச் செல்வம் இல்லை, குடிப்பெருமை இல்லை, பட்டம் இல்லை. பிறர்க்காகக் கட்டிய நூலைத் திறந்து படிக்கும் ஆவல் இருந்தது. படித்ததைத் தம் கையாற் சோதிக்கும் துணிவு இருந்தது. வேலைக்காரரோடு உண்ண வைக்கப்பட்ட அவரே, பிறந்த இடம் எதுவாயினும் மின்சாரத்தின் இயல்பு ஒன்றே என்று உலகுக்கு நிலைநாட்டினார். உங்கள் கையில் வரும் ஒவ்வொரு நூலையும் திறந்து பாருங்கள் என வேண்டி இதனை நிறைவு செய்கின்றோம்.