ஜோஸபைன் பட்லர் அம்மையார்

நோயைச் சோதித்தறிதல் மருத்துவத்தின் முதற்படி என்பதை யாவரும் அறிவர். ஆயினும் வலிந்து செய்யும் சோதனை மருந்தாகாது, தண்டனையாகவே முடியும் என்பதைத் தம் வாழ்நாளெல்லாம் எடுத்துக்காட்டியவர் ஜோஸபைன் பட்லர் அம்மையார். அவர் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

அம்மையார் இங்கிலாந்தின் வடபாலுள்ள நார்தம்பர்லாண்டில் 1828ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் பிறந்தார். 1852இல் ஜார்ஜ் பட்லர் என்னும் கல்விமானை மணந்தார். 1864இல் அவருடைய ஒரே பெண்மகவு மாடியினின்று வீழ்ந்து இறந்தது. 1866இல் கணவர் லிவர்ப்பூல் கல்லூரித் தலைவராகவே, அந்நகரை அடைந்த அம்மையார், தம்மினும் பெருந்துயருற்றாரைத் தேடி ஏழையர் விடுதிக்குச் சென்றார். ஆங்குப் பழங்கயிறு பிரித்துக்கொண்டிருந்த பெண்டிரோடு தரையிலமர்ந்து தாமும் கயிறு பிரித்தார். நோயால் நலிந்து புகலற்றிருந்த பரத்தையர் சிலரைத் தம் இல்லத்திற்கே கொணர்ந்து பேணினார்.

அக்காலத்தே படைவீரரிடையே மேகநோய் மிகுந்திருந்தது. அதனைத் தடுக்கக் கருதிய பார்லிமெண்டார் 1864, 1866, 1869 ஆகிய ஆண்டுகளில் தொற்றுநோய்ச் சட்டங்களை இயற்றினர். படையிருக்கும் நகரங்களிலும் துறைமுகங்களிலும் போலீசார் ஐயுற்ற எப்பெண்ணும் உடற்சோதனைக்கு உட்படல் வேண்டும், மறுப்பின் சிறை. நோய் காணின் மருத்துவமனைக் காவல். அக்காவல் 1869இல் ஒன்பது மாதம் வரை நீட்டப்பட்டது. அப்பெண்டிரை நாடிய ஆடவரையோ எச்சட்டமும் சோதிக்கவில்லை. நோயைப் பரப்புவோர் இருவராயிருக்க, ஒருவரை மட்டும் அடைத்தால் நோய் எங்ஙனம் ஒழியும்? இவ்வநீதியையே அம்மையார் எதிர்த்தார்.

1869இல் அம்மையார் பெண்டிர் சங்கத்தின் தலைமையேற்றார். நாணத்தால் எவரும் வாய்திறவாத பொருளைப் பொதுமேடைகளில் பேசினார். 1870இல் கோல்செஸ்டர் நகரத் தேர்தலின்போது, சட்டத்தை ஆதரித்த வேட்பாளரை எதிர்த்துப் பேசச் சென்ற அவர் தங்கியிருந்த விடுதியை முரடர் கூட்டம் சூழ்ந்துகொண்டது. அம்மையார் அஞ்சிப் பின்வாங்கவில்லை, அவ்வேட்பாளரே தோற்றார். 1883இல் கட்டாயச் சோதனை நிறுத்தப்பட்டது. 1886இல் சட்டங்கள் அடியோடு நீக்கப்பட்டன. நம் நாட்டில் 1868இல் இயற்றப்பட்ட அத்தகைய சட்டமும் 1888இல் ஒழிந்தது. அம்மையார் 1906ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் காலமானார்.

அவர் போராட்டம் பழங்கதையன்று. 1986இல் இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதல் கண்டறியப்பட்டது சென்னையில், பாலியல் தொழிலில் இருந்த பெண்டிரின் இரத்தத்திலேயே. அக்கிருமியை அடக்கும் மருந்துகள் இன்று உள்ளன. அவற்றைத் தவறாது உண்டு, கிருமி அளந்தறிய இயலாத அளவிற்குக் குறைந்த நிலை நீடிப்பின், உடலுறவால் அது பிறரைத் தொற்றாது. ஆயின் மருந்து பெறுதற்கு முன் சோதனைக்கு வரல் வேண்டும். காவலுக்கும் பழிக்கும் அஞ்சுபவள் எங்ஙனம் வருவாள்? ஆதலின் 2017இல் இயற்றிய இந்தியச் சட்டம், ஒருவர் அறிந்து இசைந்தாலன்றிச் சோதித்தல் கூடாதென்றும், முடிவை மறைவாகக் காத்தல் வேண்டுமென்றும் விதித்தது. அச்சமின்றி ஒருத்தி வந்து கைநீட்டும் மருத்துவமனையே நோயை வெல்லும். மருத்துவத்துறையில் புகவிருக்கும் நம் மாணவர் இதனை மறவாதிருப்பாராக.