இடிக்காமல் ஊரைத் திருத்தியவர்: பேட்ரிக் கெடிஸ்

நகரத் திட்டம்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஒரு வரைபடம், பழைய தெருக்களின் மேல் ஸ்கேல் வைத்துப் போட்ட ஒரு நேர்க்கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே எத்தனை வீடுகள் இருக்குன்னு முதலில் எண்ணிப் பார்க்கச் சொன்னவர் பேட்ரிக் கெடிஸ். அவர் சிவில் இன்ஜினியர் இல்லீங்க, தாவரவியல் பேராசிரியர். அதிலும் பட்டம் வாங்காத பேராசிரியர்!

1854-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். லண்டனில் ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்தார். 1879-ல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ போன இடத்தில் கண்பார்வை பாதிக்கப்பட்டு, கொஞ்ச காலம் இருட்டறையிலேயே கிடந்தார். பார்வை திரும்பியது. ஆனால் நெடுநேரம் மைக்ராஸ்கோப் பார்க்கும் வேலை இனி முடியாது என்றானது. அவருடைய கவனம் மெல்ல ஊர்கள் பக்கம் திரும்பியது.

அப்போது எடின்பரோவின் பழைய நகரம் எப்படி இருந்தது தெரியுமா? வசதியானவர்கள் புதிய நகரத்துக்குக் குடிபோய்விட, அவர்கள் விட்டுப்போன பல மாடிக் கட்டடங்களில் ஏழைகள் அறைக்கு ஒரு குடும்பமாக நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். இடித்துத் தள்ளி அகலமான தெரு போடுவதுதான் அன்றைய தீர்வு. சரி, அங்கே இருந்தவங்க எங்கே போவாங்க? பக்கத்துச் சந்துக்குத்தான். அங்கே நெரிசல் இரட்டிப்பாகும்.

கெடிஸும் மனைவி ஆனாவும் வேறு வழியில் போனார்கள். 1887-ல் அந்த நெரிசலுக்குள்ளேயே, ஜேம்ஸ் கோர்ட் என்ற குடியிருப்பில் குடியேறினார்கள். அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து சுத்தம் செய்தார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், செடி வைத்தார்கள். அதே ஆண்டு எடின்பரோவில் ஒரு ஹாஸ்டலும் தொடங்கினார் கெடிஸ். அதை நிர்வகித்தது மாணவர்களே!

1914-ல் சென்னை கவர்னர் பென்ட்லண்ட் அழைக்க, இந்தியாவுக்குக் கிளம்பினார். அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை ஜெர்மனியின் எம்டன் மூழ்கடித்துவிட்டது. ஆமாங்க, சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன்தான். நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்ப, 1915-ல் சென்னையில் கண்காட்சி நடந்தே விட்டது.

பிறகு சென்னை மாகாண ஊர்களைச் சுற்றிப் பார்த்தார். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் வீடுகளை இடித்து நேர்த்தெருக்கள் போடும் யோசனை இருந்தது. கெடிஸ் சந்து சந்தாக நடந்தார். இருக்கிற சந்துகளே போதும், தேவையான இடத்தில் கொஞ்சம் அகலப்படுத்தலாம், மிகவும் பாழடைந்த சில வீடுகளை மட்டும் எடுக்கலாம், காலி மனைகளைத் திறந்தவெளியாக்கி மரம் வைக்கலாம் என்றார். செலவும் பல மடங்கு குறையும். உறுப்பைக் காப்பாற்றிக்கொண்டே செய்யும் அறுவை சிகிச்சை மாதிரி இது. அவரும் அறுவை சிகிச்சை என்றே இதற்குப் பெயர் வைத்தார்.

1917-ல் மகன் பிரான்ஸ் போர்முனையில் இறந்தார். அதே ஆண்டு ஆனாவும் இந்தியாவில் நோயுற்று இறந்தார். கெடிஸ் வேலையை விடவில்லை. பிளேக் வாட்டிய இந்தூரில் ஒருநாள் மகாராஜாவாக இருக்க அனுமதி வாங்கி, தீபாவளிக்கு ஊர்வலம் நடத்தினார். எந்தத் தெருக்கள் சுத்தமோ, அந்தத் தெருக்கள் வழியாகத்தான் ஊர்வலம் வரும். அவ்வளவுதான், ஊரே துடைப்பத்தைக் கையில் எடுத்தது!

பிறகு பம்பாயில் பேராசிரியர் வேலை, 1925-ல் டெல் அவிவ் நகருக்குத் திட்டம், 1932-ல் பிரான்சில் மரணம். அவருடைய இந்திய அறிக்கைகளில் பல அலமாரியிலேயே தங்கிவிட்டன. இன்னொன்றையும் சொல்லியாகணும். எடின்பரோவில் அவர் உருவாக்கிய ராம்சே கார்டன் இன்று விலை உயர்ந்த குடியிருப்பு. இடம் அழகானால் வாடகை ஏறும், ஏழை வெளியேற வேண்டிவரும். இதற்கு அவரிடமும் முழு விடை இல்லை. அது நம்ம தலைமுறைக்கான கணக்கு.

அடுத்த முறை சர்வே கேம்ப் போகும்போது, கருவியை ஸ்டாண்டில் மாட்டுவதற்கு முன்னாடி அந்தத் தெருவில் ஒரு நடை நடந்து பாருங்க. குழாயடியில் நிற்கிற அக்காகிட்ட நாலு வார்த்தை பேசுங்க. கெடிஸ் அங்கிருந்துதான் ஆரம்பித்தார்.