புக்கர் வாஷிங்டன் சரித்திரம்

கல்வியின் பெருமையை அறியாதார் நம்மவருள் ஒருவரும் இலர். ஆயினும், நுண்ணறிவுடைய பிள்ளையொருவன் பள்ளிப் படிப்பை முடித்து நிற்குங்கால், அவனை மேற்படிப்புக்கு அனுப்ப இயலுமோ என்று பெற்றோர் கலங்கும் இல்லங்கள் பல. கலாசாலைச் சம்பளம் இவ்வளவு என்று கேட்ட மாத்திரத்தே மனந்தளர்ந்து, அப்பிள்ளையை யாதேனும் ஒரு சிறு வேலையில் அமர்த்திவிடுவோரும் உளர். அன்னோர் அறிதற்குரியது, அமெரிக்க ஐக்கிய நாட்டில் வாழ்ந்த புக்கர் வாஷிங்டன் என்னும் பெரியாரது சரித்திரம்.

இவர் 1856ஆம் ஆண்டில் வர்ஜீனியா மாகாணத்தில், கறுப்பினத்து அடிமைத்தாய் ஒருத்தியின் வயிற்றிற் பிறந்தார். ஆதலின் பிறக்கும்போதே அடிமையாயினார். தந்தை இன்னார் என்பதை அவர் அறிந்திலர். 1865ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைகள் விடுதலை பெறவே, தாயார் தம் மக்களுடன் மேற்கு வர்ஜீனியாவிலுள்ள மால்டன் என்னும் ஊருக்குச் சென்றார். அங்கே மாற்றாந்தந்தை உப்புக் காய்ச்சும் உலைக்களத்தில் வேலை செய்துவந்தார். சிறுவராகிய புக்கரும் அவ்வேலையில் அமர்த்தப்பட்டார். தந்தையின் உப்புப் பீப்பாய்களில் இடப்பட்ட 18 என்னும் இலக்கமே அவர் முதன்முதல் கற்ற எழுத்து. பின்னர், விடியுமுன் எழுந்து உலைக்களத்தில் உழைத்து, 9 மணிக்குமேற் பள்ளி செல்வாராயினர்.

அதன்பின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்யும்போது, தொழிலாளர் இருவர் தம்முள் பேசிக்கொண்டதை ஒருநாள் அவர் கேட்க நேர்ந்தது. வர்ஜீனியாவில் கறுப்பினத்தார்க்கென ஒரு கலாசாலை உண்டு என்பதும், ஏழை மாணாக்கர் ஆண்டே உழைத்து உணவுச் செலவை ஈடுசெய்யலாம் என்பதும் அவர்கள் பேச்சால் விளங்கின. 1868ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஹாம்ப்டன் கலாசாலையே அது. அவ்வூர் எத்திசையில் உள்ளது என்றுகூட அறியாத அவ்விளைஞர், அங்கே சென்றே தீர்வதென உறுதி பூண்டார். அக்காலத்தே சீமாட்டி ஒருவர் இல்லத்தில் மாதம் 5 டாலர் கூலிக்குப் பணியாற்றினார். தூசு துரும்பு இராமல் வீட்டைத் துப்புரவாக வைத்தல் வேண்டுமென்பது அவ்வம்மையாரின் கட்டளை.

1872ஆம் ஆண்டில் அவர் புறப்பட்டபோது, மால்டனில் வாழ்ந்த முதியோர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அடிமைகளாய்க் கழித்தவர்கள். தம் இனத்துச் சிறுவன் ஒருவன் கலாசாலைக்குச் செல்வதைக் காணும் பேறு பெற்றோமே என்று மகிழ்ந்து, ஒருவர் 5 சென்ட் நாணயமும், ஒருவர் 25 சென்ட்டும், மற்றொருவர் ஒரு கைக்குட்டையுமாக உதவினர். வழியோ ஏறத்தாழ 500 மைல். வண்டியிற் சிறிதும் நடந்து சிறிதுமாகச் சென்றவர், ரிச்மண்டு நகரையடையும்போது கையில் ஒரு காசும் இலர். நடைபாதைப் பலகையின் கீழ் இரவில் உறங்கி, பகலில் கப்பலினின்று இரும்பு இறக்கிக் கூலி பெற்றார். ஈற்றில் ஹாம்ப்டனை அடைந்தபோது அவரிடம் எஞ்சியது 50 சென்ட்டே.

அழுக்கேறிய ஆடையுடன் நின்ற அவரைச் சேர்த்துக்கொள்ளத் தலைமை ஆசிரியை தயங்கினார். சில நாழிகை கழித்து, ஓர் அறையைப் பெருக்குமாறு பணித்தார். புக்கர் அவ்வறையை மும்முறை பெருக்கி, நான்முறை தூசு துடைத்தார். ஆசிரியை கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்தும் ஒரு துகளும் காணவில்லை. அதுவே அவர் எழுதிய நுழைவுத் தேர்வு! அக்கலாசாலையிலேயே காவலும் துப்புரவுமாகிய வேலையும் அவருக்குக் கிடைத்தது.

இனி, அவரது படிப்புச் செலவு எங்ஙனம் நிறைவெய்தியது என்பதைக் காண்போம். உணவுக்கு மாதம் 10 டாலர்; அதன் பெரும்பகுதியைத் தம் உழைப்பால் ஈடுசெய்தார். கல்விச் சம்பளம் ஆண்டொன்றுக்கு 70 டாலர். கலாசாலைத் தலைவராகிய ஜெனரல் ஆம்ஸ்ட்ராங்கின் முயற்சியால் நியூபெட்போர்டு நகரத்துச் செல்வர் ஒருவர் அதனை ஏற்றார். புத்தகங்கள் இரவலாய்க் கிடைத்தன. உடைகள் வடநாட்டார் அனுப்பிய பழந்துணிகளிலிருந்து வந்தன. தமையனார் ஜான் இயன்றபோது சிறுதொகை அனுப்பினார். இவ்வளவும் இருந்தும் முதலாண்டு முடிவில் 16 டாலர் கடன் நின்றது. விடுமுறையில் உணவுச்சாலையில் வேலை செய்தும் அது தீரவில்லை. பொக்கிஷதாராகிய ஜெனரல் மார்ஷலிடம் தம் நிலையை ஒளியாது உரைத்தார். இயன்றபோது கொடுப்பாரென நம்பி அப்பெரியார் அவரை மீண்டும் சேர்த்துக்கொண்டார். அந்நம்பிக்கை இல்லாதிருப்பின் அவரது படிப்பு அன்றே நின்றிருக்கும்.

1875ஆம் ஆண்டில் தேர்ச்சி பெற்ற புக்கர், மால்டனில் ஆசிரியராகி, தமக்குதவிய தமையனாரையும் ஹாம்ப்டனுக்கு அனுப்பினார். 1881ஆம் ஆண்டில் அலபாமாவிலுள்ள டஸ்கீகியில் 30 மாணாக்கருடன் ஒரு கலாசாலையைத் தொடங்கினார். அரசாங்கம் அளித்த 2,000 டாலர் ஆசிரியர் ஊதியத்திற்கே உரியது. நிலமும் கட்டடமும் இல்லை. நிலம் வாங்க 250 டாலர் கடனளித்தவர் முன்னைய மார்ஷலே. மாணாக்கர் தாமே செங்கல் அறுத்தனர். மூன்று சூளைகள் பழுதாயின. தம் கைக்கடியாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து இட்ட நான்காஞ் சூளை பலித்தது. 1884ஆம் ஆண்டில் இரவுப் பள்ளி ஏற்படுத்தினார். அதிற் சேர்ந்தோர் பகலில் 10 மணி நேரம் உழைத்து, இரவில் 2 மணி நேரம் கற்பர். அவர்தம் கூலியின் பெரும்பகுதி, பின்னர்ப் பகற்பள்ளியில் உண்ணும் செலவுக்கெனச் சேமிக்கப்பட்டது.

தொழிற்கல்வியையே பெரிதும் வற்புறுத்தி அரசியலுரிமையைப் பின்தள்ளினார் என்று அறிஞர் தூபாய்ஸ் 1903ஆம் ஆண்டில் அவரைக் கண்டித்தார். அக்கண்டனம் ஆராயத்தக்கதே, எனினும், பொருளில்லா மாணாக்கர்க்கு அவர் திறந்த வாயில் மெய். 1915ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் அவர் டஸ்கீகியில் இறைவனடி சேர்ந்தார். அவர் கற்ற கலாசாலையும் தொடங்கிய கலாசாலையும் இன்று பல்கலைக்கழகங்களாய் விளங்குகின்றன.

பெற்றோர்களே! கலாசாலையைத் தேர்கையில் சம்பளத்தை மட்டும் வினவற்க. உணவுக்கும் உறையுளுக்கும் நூலுக்கும் எவ்வளவு, உபகாரச் சம்பளம் முதலாண்டோடு நிற்குமோ தொடருமோ, தவணை தவறின் பொறுப்பார்களோ என்பவற்றையும் தனித்தனியே கேட்டறிக. மொத்தமாய் நோக்குங்கால் மலைபோல் தோன்றும் செலவு, பகுத்து நோக்கின் பலர் தாங்கும் சுமையாகும். கலங்கும் பெற்றோர்க்கு இக்கணக்கைப் போட்டுக்காட்டுதல் கற்றறிந்த நம்மவர் ஒவ்வொருவரது கடன். செல்வர் ஒருவர் சம்பளத்தை ஏற்கலாம். எளியவர் ஒரு புத்தகம் தரலாம். மால்டன் முதியோர் அளித்த 5 சென்ட்டினும் சிறிய கொடை நம்மிடை இராது.